வான்வழித் தூரம்

கொச்சியிலிருந்து சேலத்துக்கு வான்வழித் தூரம் இருநூற்று ஐம்பத்தைந்து கிலோமீட்டர், பறக்கும் நேரம் இருபத்தேழு நிமிடம் என்று செல்போன் சொல்கிறது. முதலாவது உண்மையாக இருக்கலாம். இரண்டாவது பச்சைப் பொய், டிக்கெட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போட்டிருக்கிறான். ஏற்கெனவே வானத்தில் இருக்கிற, ஏறவும் வேண்டாத இறங்கவும் வேண்டாத, எதிர்காற்றே இல்லாத ஏதோ ஒரு விமானத்தை மனதில் வைத்துக்கொண்டு எவனோ தூரத்தை வேகத்தால் வகுத்துப் போட்டிருக்கிறான், அவ்வளவுதான். கீழே சாலை வழி முந்நூற்று இருபது என்றும், நடந்து போனால் மூன்று நாள் என்றும் வேறு இருக்கிறது, யார் நடந்து போகப்போகிறார்கள் என்று கணக்குப் போட்டானோ தெரியவில்லை. விமான நிலையத்தில் காத்திருந்தபோது பொழுது போகாமல் தேடிய பக்கம் இது. இப்போது சிக்னல் கிடையாது, ஆனாலும் பக்கம் திரையில் அப்படியே நிற்கிறது, நானும் அதையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன், ஏனென்றால் இதை மூடினால் இதற்கடியில் அண்ணன் மகன் கதிர் அனுப்பிய செய்தி வந்து நிற்கும். அதை ஒருமுறை படித்தாயிற்று, இன்னொரு முறை படிக்க வேண்டியதில்லை, மனப்பாடம் ஆகிவிட்டது. அத்தை, அப்பா போயிட்டாரு, டாக்டர் இப்பதான் வந்து சொன்னாங்க, அம்மாகிட்ட வீட்டுக்கு வர்ற வரைக்கும் சொல்ல வேணாம்னு மாமா சொல்றாரு. அண்ணிக்கு சீட் பெல்ட் மாட்டத் தெரியாமல் நான் குனிந்து மாட்டிக்கொண்டிருந்தபோது வந்தது அது. படித்துவிட்டு, பெல்ட்டை இழுத்து இறுக்கிவிட்டு, போனை ஃப்ளைட் மோடில் போட்டேன். கை நடுங்கவில்லை. அதைத்தான் இப்போது நினைத்துப் பார்க்கிறேன், என் அண்ணன் ஜெயபாலன் செத்துப்போன செய்தியைப் படித்த கை கொஞ்சமாவது நடுங்கியிருக்க வேண்டாமா, இன்சூரன்ஸ் ஆபீசில் கிளெய்ம் பிரிவில் இத்தனை வருஷம் உட்கார்ந்ததில் கையும் மரத்துப் போய்விட்டது போலிருக்கிறது. பக்கத்து சீட்டில் அண்ணி ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு கீழே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அவளுக்கு இது முதல் விமானம். கொச்சியில் மகள் தேன்மொழிக்குப் பிரசவம் என்று ஒரு மாதத்துக்கு முன் ரயிலில் வந்தவள். குழந்தைக்கு இன்னும் மூன்று வாரம்கூட ஆகவில்லை. இன்று விடிகாலையில் சேலத்திலிருந்து போன், அண்ணனுக்கு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், பயப்பட ஒன்றுமில்லை, அடைப்பு இருக்கிறது, ஸ்டென்ட் வைக்கப் போகிறார்கள். நான் ஆலுவாவில் இருக்கிறேன், அரை மணி நேரத்தில் போய் அண்ணியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். பச்சை உடம்புக்காரி வரவேண்டாம் என்று தேனை விட்டுவிட்டோம். போன் வந்தபோது அது பொய்யில்லை, நிஜமாகவே ஸ்டென்ட் வைக்கத்தான் இருந்தார்கள், அதனால் அண்ணியிடம் நான் சொன்னதெல்லாம் அந்த நேரத்துக்கு உண்மை. ஏறி உட்கார்ந்த பிறகுதான் பொய்யாகிவிட்டது. அவள் மடியில் நேந்திரம் சிப்ஸ் பாக்கெட் இருக்கிறது, செக்யூரிட்டி தாண்டினதும் கடையில் வாங்கினாள், உங்கண்ணனுக்கு டாக்டர் தரவேண்டாம்னுதான் சொல்வாரு, ரெண்டு துண்டு வாயில போட்டா என்ன ஆயிடப்போகுதுன்னு கேப்பாரு பாரு என்றாள். அப்போது அவர் உயிரோடு இருந்தாரா என்று யோசிக்கிறேன். இருந்திருப்பார். விமானம் சாய்ந்து திரும்புகிறது, இறக்கையில் காற்றாடி சுற்றுகிற சின்ன விமானம், சத்தம் காதை அடைக்கிறது. அண்ணி என் கையைப் பிடித்து, கீழே பாரு மங்கை, ஆறு, என்கிறாள். பெரியாறு. பார்க்கிறேன். ஆறு ஆறாகத்தான் இருக்கிறது.

வழியில் சொல்லக்கூடாது. எங்கள் பக்கத்தில் இது எழுதாத சட்டம். செத்தவன் செத்துவிட்டான், வருகிறவள் பத்திரமாக வந்து சேரவேண்டும், வழியில் மயங்கி விழுந்தால் யார் பார்ப்பது, அதனால் சீரியஸ் என்று மட்டும் சொல்லு, சாப்பிட வை, வீட்டு வாசலில் இறக்கு, மற்றதை அவளே பார்த்துத் தெரிந்துகொள்வாள். எனக்கும் இப்படித்தான் செய்தார்கள். என் வீட்டுக்காரர் மேட்டூரில் போனபோது நான் கும்பகோணத்தில் சிநேகிதி மகள் கல்யாணத்தில் இருந்தேன். மண்டப வாசலில் கார் வந்து நின்றது, அண்ணன் இறங்கினார், மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் உடம்பு முடியல, ஆஸ்பத்திரியில இருக்காரு, கிளம்பும்மா என்றார். ஜவ்வரிசி மண்டி வைத்திருக்கிறவர், மண்டியை விட்டுவிட்டு அவ்வளவு தூரம் அவரே வந்திருக்கிறார் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. புரிய வேண்டாம் என்று மனசு நினைத்ததோ என்னவோ. நாமக்கல்லில் ஒரு ஹோட்டலில் காரை நிறுத்தச் சொன்னார். சாப்பிட்டுப் போயிடலாம் என்றார். சர்வர் பையன் மூச்சு விடாமல் இருபது பலகாரம் ஒப்பித்தான், சரி ஊத்தப்பம் கொண்டா என்றால் இல்லை, இடியாப்பம் என்றால் இல்லை, கடைசியில் தோசை மட்டும்தான் இருக்கிறது என்றான், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புரையேறும் அளவுக்குச் சிரித்தேன். நெய் ரோஸ்ட் ஒன்று தின்றுவிட்டு இன்னொன்று சொன்னேன். காரில் டிரைவருக்குத் தெரியும், அண்ணனுக்குத் தெரியும், மேட்டூரில் தெரு முழுக்கத் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது, நான் உட்கார்ந்து சிரித்துக்கொண்டு தோசை தின்கிறேன். தெருமுனையில் திரும்பினதும் ஷாமியானாவும் பிளாஸ்டிக் நாற்காலியும் பார்த்தேன். அழுகைக்கு முன்னால் வந்தது என்ன என்று யாரிடமும் நான் சொன்னதில்லை, வெட்கம் வந்தது. வாயில் நெய் வாசனையோடு போய் அவர் காலடியில் உட்கார்ந்தேன். பதினோரு வருஷமாகப் போகிறது, அண்ணனை நான் மன்னிக்கவில்லை. தீபாவளிக்குப் போனேன், பொங்கலுக்குப் போனேன், அவர் கொடுத்த புடவையைக் கட்டினேன், மன்னிக்க மட்டும் இல்லை. அவரிடம் கேட்கவும் இல்லை. இன்றைக்கு அவரே போய்விட்டார், அந்தக் கோபத்தை இனி எங்கே கொண்டுபோய் வைப்பது.

இறந்த தேதி, இறந்த நேரம். எங்கள் ஆபீசில் முதலில் இதைத்தான் கேட்போம். எத்தனை பேரிடம் கேட்டிருப்பேன், கண்ணைத் துடைத்துக்கொண்டே சொல்வார்கள், நான் எழுதிக்கொள்வேன். டாக்டர் எழுதிக் கொடுக்கிற நேரம்தான் நேரம், அதில் சந்தேகமே எங்களுக்கு வந்ததில்லை. ஆனால் அண்ணனுக்கு ஒரு நேரம், எனக்கு பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தபோது ஒரு நேரம், தேனுக்கு என்றைக்கோ ஒரு நேரம். அண்ணிக்கு அவர் இன்னும் சாகவில்லை. இந்த நிமிஷம் அவள் சுமங்கலி, நெற்றியில் குங்குமம் இருக்கிறது, காலையில் அவசரத்திலும் தேன் வீட்டு வாசலில் முழம் பூ வாங்கி வைத்துக்கொண்டாள், கட்டிலில் இருக்கிற புருஷனைத் திட்டுவதற்கு வார்த்தைகள் சேர்த்துக்கொண்டு போகிறாள். நான் வாயைத் திறக்கிற வரைக்கும் அப்படித்தான். அதை நினைத்தால் சொல்லாமலே இருந்துவிடலாம் என்று தோன்றுகிறது, இந்த விமானம் இறங்காமலே போய்க்கொண்டிருந்தால் அவர் சாகாமலே இருப்பார். அசட்டுத்தனம், பெட்ரோல் தீர்ந்துவிடும். இன்னொரு பக்கம் யார் யாருக்கெல்லாம் இப்போது தெரிந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். செவ்வாய்ப்பேட்டை மண்டிக்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். நாற்காலி வாடகைக்கு விடுகிறவனுக்குத் தெரியும், பறை அடிக்கிறவர்களுக்குத் தெரியும், ஃப்ளெக்ஸ் அடிக்கிறவனுக்கு எல்லோருக்கும் முன்னால் தெரியும், இந்நேரம் அண்ணனின் எந்தப் படத்தைப் போடுவது என்று கேட்டு கதிரின் உயிரை எடுத்துக்கொண்டிருப்பான். வீட்டுக்கு வருகிற வரைக்கும் சொல்ல வேண்டாமாம். அண்ணியின் தம்பி செங்கோட்டுவேலு சொல்லிவிட்டார், எல்லாம் தெரிந்தவர். ஏர்போர்ட்டிலிருந்து வீட்டுக்குப் போக ஓமலூர் தாண்டி அஞ்சு ரோடு வழியாகத்தான் போகவேண்டும். அஞ்சு ரோட்டில் கண்ணீர் அஞ்சலி என்று போட்டு, கை கூப்பின மாதிரி அண்ணன் நிற்பார், மண்டிச் சங்கத்துக்காரர்கள் நேரம் காலம் பார்க்கமாட்டார்கள், மதியத்துக்குள் கட்டிவிடுவார்கள். இந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்த காலத்தில் ஃப்ளெக்ஸ் கிடையாது, அது செங்கோட்டுவேலுவுக்குத் தோன்றவில்லை. ஒரு பெண்பிள்ளை தன் புருஷன் போனதைச் சிக்னலில் நின்று படித்துத் தெரிந்துகொள்ள வேண்டுமா.

ஆனால் இங்கே சொன்னால் என்ன ஆகும். அதுதான் பயம், அதைச் சுற்றித்தான் புத்தி இத்தனை நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது, தூரமும் நேரமும் சும்மா சாக்கு. மாரில் அடித்துக்கொண்டு எழுந்திருப்பாள். எழுந்திருக்க முடியாது, பெல்ட் இருக்கிறது. கத்துவாள், முன் சீட்டில் லேப்டாப் தட்டிக்கொண்டிருக்கிற ஆள் திரும்பிப் பார்ப்பான், அந்தச் சின்ன வயசுப் பணிப்பெண் சிவப்பு லிப்ஸ்டிக்கோடு ஓடிவருவாள், எனி ப்ராப்ளம் மேம் என்பாள், நான் என்ன சொல்வது. மயங்கி விழுந்தால்? இவளுக்கும் பிரஷர் இருக்கிறது. வானத்தில் ஒரு உயிருக்கு ஒன்று ஆனால் யார் பதில் சொல்வது, வழியில் சொல்லாதே என்று சொன்னோமே என்று செங்கோட்டுவேலு என் முகத்துக்கு நேராகவே கேட்பார். தள்ளுவண்டி வருகிறது, அந்தப் பெண் சாண்ட்விச், முந்திரி, தண்ணீர் என்கிறாள். நான் யோசிக்காமல் பர்ஸைத் திறந்து ஒரு சாண்ட்விச் வாங்கி அண்ணியிடம் நீட்டிவிட்டேன். சாப்பிடுங்க அண்ணி, அங்க போனா நேரமாயிடும். சொல்லி முடித்தபிறகுதான் என் குரல் என் காதில் விழுந்தது. அது என் குரல் இல்லை, நாமக்கல்லில் அண்ணன் பேசின குரல். அண்ணி பிரித்து, பாதியை எனக்கு நீட்டினாள். வேண்டாங்க அண்ணி, வயிறு ஒரு மாதிரி இருக்கு என்றேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது. அன்றைக்கு அண்ணனும் வயிறு சரியில்லை என்றுதான் சொன்னார். காபி வாங்கினார், அதையும் பாதியில் வைத்துவிட்டார், நான் இரண்டாவது தோசை சொன்னபோது சொல்லும்மா என்றார், பிறகு எழுந்து கை கழுவப் போனார். வெகுநேரம் வரவில்லை. சாப்பிடாத மனிதருக்குக் கை எதற்குக் கழுவ வேண்டும் என்று அன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை, இந்தப் பதினோரு வருஷத்தில் ஒரு நாளும் தோன்றவில்லை. தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அங்கே நின்று அழுதிருக்கிறார். என் வீட்டுக்காரர் அவருக்குத் தங்கச்சி புருஷன் மட்டுமில்லை, இருவரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து இன்னொரு காபி சாப்பிடறியாம்மா என்று கேட்டார். கும்பகோணத்திலிருந்து மேட்டூர் வரைக்கும் ஐந்து மணி நேரம் அவர் அதைச் சுமந்துகொண்டு வந்தார், என்னால் இந்த ஒரு மணி நேரத்தைத் தாண்ட முடியவில்லை. அண்ணா, எனக்குத் தெரியாமல் போய்விட்டது அண்ணா. கண்ணில் நீர் முட்டுகிறது, ஏசி காற்றை மூடுகிற சாக்கில் மேலே பார்த்துக்கொள்கிறேன்.

சரி, அவர் அன்பாகத்தான் செய்தார். அதற்காக அது சரியாகிவிடுமா. இரண்டையும் எடைபோட்டுப் பார்க்கிறேன், இரண்டும் நிற்கிறது, ஒன்று மற்றதைத் தள்ளவில்லை. கீழே பச்சை மாறி மண் நிறம் வந்துவிட்டது, பாலக்காடு தாண்டி நம் பக்கம் வந்துவிட்டோம், அங்கங்கே காற்றாலைகள் தெரிகின்றன. காது அடைத்துத் திறக்கிறது, இறங்க ஆரம்பித்துவிட்டான் போல. அண்ணி சாண்ட்விச்சை இரண்டு கடி கடித்துவிட்டு, ரொட்டிக்கு நடுவுல புல்லு வச்சிருக்கான், இதுக்கா இவ்வளவு காசு என்று மூடிவைத்துவிட்டாள். நல்லவேளை. பேசிக்கொண்டே வருகிறாள். சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்பினால் ஞாயிற்றுக்கிழமை யாரையும் பார்க்க வரவேண்டாம் என்று சொல்லிவிடவேண்டும், வந்தால் அவர் பேச்சு நிறுத்தமாட்டார். உப்பில்லாமல் ரசம் வைத்தால் தட்டைத் தள்ளிவிடுவார், முதல் இரண்டு நாளைக்கு அப்பளத்தைக் காட்டி ஏமாற்றவேண்டும். மாடிப்படியில் ஏறக்கூடாது என்பார்கள், கட்டிலைக் கீழே போடவேண்டும், கதிரிடம் சொல்லவேண்டும். நான் உம் கொட்டுகிறேன். கட்டிலை இந்நேரம் கீழேதான் போட்டிருப்பார்கள், கூடத்தில். பிறகு அவள் என் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்து, உனக்கு ஒண்ணு சொல்றேன் மங்கை, உங்கண்ணன் பீடியை விட்டுட்டேன்னு எல்லார்கிட்டயும் சொல்றாரில்ல, போன ஆடியில ஒரு நாள் மொட்டை மாடிக்கு வடகம் காயப்போடப் போறேன், தண்ணித் தொட்டிக்குப் பின்னால... என்று ஆரம்பித்தாள். சொல்லும்போதே அவளுக்கு உதடு துடிக்கிறது. சிரிக்கப் போகிறாள். அவள் சிரித்தால் அந்தச் சிரிப்பு அவளோடு இருக்கும், நெய் வாசனை என்னோடு இருக்கிற மாதிரி, எத்தனை வருஷம் ஆனாலும் ராத்திரியில் எழுப்பும், அவர் பிணமாகக் கிடந்தபோது நான் எதற்குச் சிரித்தேன் என்று கேட்கும், அப்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து உம் கொட்டிக்கொண்டிருந்தேன் என்பதும் அவளுக்குத் தெரிந்துவிடும். நான் அவள் கையைப் பிடித்தேன். இரண்டு கையையும் பிடித்தேன்.

"அண்ணி, அண்ணன் போயிட்டாருங்க."

உதட்டில் இருந்த அந்தத் துடிப்பு அப்படியே நின்றது. என் முகத்தைப் பார்த்தாள், ரொம்ப நேரம் பார்த்தாள், நான் பார்வையைத் திருப்பவில்லை. அவள் கத்தவில்லை. எழுந்திருக்கவில்லை. நான் பயந்தது எதுவும் நடக்கவில்லை. எப்போது என்று கேட்டாள். கிளம்புவதற்கு முன்னாலேயே, ஏறி உட்கார்ந்ததும் கதிர் செய்தி அனுப்பினான் என்றேன். யார் கூட இருந்தது என்றாள். கதிரும் உங்க தம்பியும் என்றேன், அது எனக்கு நிச்சயமாகத் தெரியாது, ஆனாலும் சொன்னேன். மடியில் இருந்த சிப்ஸ் பாக்கெட்டை எடுத்து முன் சீட்டுப் பையில் மெதுவாகச் செருகினாள். பிறகு திடீரென்று என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"தேனுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க அண்ணி."

"சொல்லாத. யாரையும் போன் பண்ண விடாத. மாப்பிள்ளைகிட்ட நீ பேசு, இப்போதைக்கு அப்பாவுக்கு ஆபரேஷன் ஆகுதுன்னு சொல்லச் சொல்லு. பச்சை உடம்பு, பால் வத்திடும்."

இத்தனை நேரம் இருநூற்று ஐம்பது கிலோமீட்டரும் இதற்கு எதிராக வாதாடிக்கொண்டு வந்த நான், சரிங்க அண்ணி என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணாடியில் அவள் மூச்சு படிந்து படிந்து மறைகிறது. தோளைத் தொடலாமா என்று கையைக் கொண்டுபோனேன், தொடவில்லை. தொட்டால் எனக்காகவும் அழவேண்டியிருக்கும் அவளுக்கு. சேர்வராயன் மலை இந்தப் பக்கம் வந்தது, பிறகு தூரத்தில் மேட்டூர்த் தண்ணீர் ஒரு கோடாகத் தெரிந்தது. இறங்க எவ்வளவு நேரம் ஆகும் என்று திரும்பாமலே கேட்டாள்.

"பத்து நிமிஷம் இருக்கும்."

"இறங்கினா எல்லாரும் வந்துடுவாங்க. வந்ததும் கட்டிப் புடிச்சுக்குவாங்க. அப்புறம் எனக்கு அவரை நினைக்க முடியாது."

பைலட் ஏதோ பேசினார், ஓடுபாதையில் காற்று பலமாக இருக்கிறதாம், சற்று நேரம் வட்டமடித்துவிட்டுத்தான் இறங்க முடியுமாம், சிரமத்துக்கு வருந்துகிறாராம். முன் சீட்டுக்காரன் உச்சுக் கொட்டிக் கடிகாரத்தைப் பார்த்தான். எங்கோ பின்னால் ஒரு குழந்தை அழுதது. என்ன சொன்னான் என்று அண்ணி கேட்டாள், உடனே இறங்கலையாம், சுத்திட்டுத்தான் போவாங்களாம் என்றேன். தலையை ஆட்டினாள், நெற்றியைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டாள். அதற்கப்புறம்தான் அழுதாள். சத்தமே இல்லை, இறக்கைக் காற்றாடியின் இரைச்சலில் இருந்திருந்தாலும் கேட்டிருக்காது, முதுகு மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது, நடு நடுவில் அவரிடம் என்னவோ சொன்னாள், எனக்குக் கேட்கக்கூடாது என்று நான் இந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்து நடைபாதையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விமானம் சாய்ந்து ஒரு முழு வட்டம் போட்டது. வெயில் ஒரு ஜன்னலிலிருந்து அடுத்த ஜன்னலுக்குப் போய், எல்லோர் முகத்திலும் பட்டு, மறுபடி எங்களிடம் வந்தது. விமானம் நேராயிற்று. அண்ணி முகத்தைத் துடைக்காமல் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"இன்னொரு சுத்து சுத்துவானா மங்கை?"

தெரியலைங்க அண்ணி என்றேன். காலுக்கடியில் சக்கரம் இறங்குகிற சத்தம் கேட்டது.